அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது?

வெளிச்சமான வானத்துக்கு முன்னால் நிற்கும் ஒருவரைப் படத்திலிருந்து வெட்டியெடுத்து, கறுப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். முகம், தோள், சட்டை எல்லாம் சரியாகவே இருக்கும். தலைமுடியைச் சுற்றி மட்டும் வெளுத்த கோடு ஒன்று ஓடும். ஓரத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் போகாது. கை இன்னும் பழகவில்லை என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கையில் தவறே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1.6 மீட்டர் உயரமுள்ளவரின் முழு உருவம் படத்தில் 4,000 பிக்சல் உயரத்துக்கு வருகிறது என்று வையுங்கள். ஒரு பிக்சலுக்கு 0.4 மில்லிமீட்டர் இடம். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர். ஆக, தனியாகப் பறக்கும் ஒரு முடி அந்தப் பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது, மிச்சமெல்லாம் வானம். கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிந்துவிடுகிறது. மெல்லிய துணி, ஃபோகஸ் தப்பிய ஓரம், வேகமாக அசைந்த கை எல்லாவற்றிலும் இதே கதைதான். வெட்டுவதற்கு அங்கே கோடே கிடையாது. கலந்ததைப் பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிப்பதற்கு ஒவ்வொரு பிக்சலிலும் பொருளின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அந்தப் பங்குக்குப் பெயர் ஆல்ஃபா. முழுக்கப் பொருள் என்றால் 1, முழுக்கப் பின்னணி என்றால் 0, ஓரங்களில் நடுவில் ஏதோ ஒன்று. 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மல்லும் இதைப் படத்தோடு சேர்த்தே வைக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். ஆல்ஃபாவை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதற்கான கணக்கை தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் முறையாக எழுதினார்கள். இன்று நாம் போடும் ஒவ்வொரு லேயருக்கும் அடியில் அந்தக் கணக்கு ஓடுகிறது.

இப்போது வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் 0 முதல் 255 வரை அளப்போம். முடி 40, வானம் 240. ஓரப் பிக்சலில் இரண்டும் பாதிப் பாதி, அதனால் அதன் அளவு 140. ஆல்ஃபா பாதி என்று மென்பொருள் சரியாகவே கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதுப் பின்னணி ஏறக்குறைய கறுப்பு, 10. பிக்சலை அப்படியே எடுத்துப் பாதி கலந்தால் 140இல் பாதி 70, 10இல் பாதி 5, மொத்தம் 75. வர வேண்டியது என்ன? 40இல் பாதி 20, அதோடு 5, மொத்தம் 25தான். அந்த 75 முடியைவிடவும் வெளுப்பு, புதுப் பின்னணியைவிடவும் வெளுப்பு. பழைய வானம் முடிக்குள் ஒளிந்துகொண்டு கூடவே வந்துவிட்டது. ஆல்ஃபா சரியாக இருந்தும் கோடு விழுகிறது பாருங்கள்! பங்கைக் கண்டுபிடித்த பிறகு முடியின் சொந்த நிறத்தையும் மீட்டாக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’ என்று இருப்பது இந்த வேலைக்குத்தான். பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, ஆல்ஃபாவையும் சொந்த நிறத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? பிக்சல் நமக்குத் தருவது சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 எண்கள். தெரிய வேண்டியவை 7: பொருளின் நிறத்துக்கு 3, பின்னணியின் நிறத்துக்கு 3, அப்புறம் ஆல்ஃபா. 3ஐ வைத்துக்கொண்டு 7ஐ ஒரே விடையாகக் கண்டுபிடிக்க முடியாது. மேலே பார்த்த 140, பாதி முடியாகவும் இருக்கலாம், முழுக்கச் சாம்பல் நிறமான வேறொரு பொருளாகவும் இருக்கலாம்.

சினிமாவில் பொருளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் திரை, பின்னணி நிறத்தை முன்பே சொல்லிவிடுகிறது. தெரியாதவை 4 ஆகக் குறைகின்றன. அசையாத பொருள் என்றால் இன்னொரு அழகான வழி இருக்கிறது. கேமராவையும் பொருளையும் நகர்த்தாமல், நிறம் தெரிந்த இரண்டு பின்னணிகளில் இரண்டு படம் எடுத்தால் 6 எண்கள் கிடைக்கும். 4ஐக் கண்டுபிடிக்க அது தாராளம். ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996இல் இதைக் கணிதமாகவே காட்டினார்கள்.

சாதாரணப் படத்துக்கு இந்த வசதி இல்லை. அங்கே மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது: உறுதியான முடி இந்த நிறம், உறுதியான பின்னணி அந்த நிறம், நடுவில் இருப்பது இரண்டின் கலவையாக இருக்க வேண்டும். ஒரே தட்டலில் பின்னணியை நீக்கும் இன்றைய செயலிகள், ஏராளமான படங்களில் பழகி இந்த ஊகத்தை வெகுவாகக் கூர்மையாக்கியிருக்கின்றன. ஆனாலும் கறுத்த முடி கறுத்த சுவருக்கு முன்னால் இருந்தால், ஆல்ஃபா எதுவாக இருந்தாலும் பிக்சலின் நிறம் ஒன்றேதான்; படத்தில் விடையே இல்லை. படம் எடுக்கும்போதே பின்னாலிருந்து சிறு விளக்கு ஒன்றை முடியின் ஓரத்தில் விழவிட்டால், அந்த விடை படத்துக்குள் வந்துவிடும்.