வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் ரூம் எடுப்பவர்களுக்கு: அந்த 24 மணி நேர விதி உங்களுக்கு இல்லை

போன ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு போன். பார்ட் டைம் வேலை முடிந்து வந்த மாணவி வாசலில் நிற்கிறாள். சாவி பூட்டில் நுழையவில்லை. துணிமணியெல்லாம் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி முன்வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட் உள்ளே. வாடகைத் தகராறுகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது போன் இது. இனியும் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். அவள் காலேஜுக்குப் போயிருந்தபோது வீட்டுக்கார ஆன்ட்டி ரூமுக்குள் போய் ஹீட்டரை அணைத்திருக்கிறார். இவள் இணையத்தில் தேடிப் பார்த்து, "24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லாமல் என் ரூமுக்குள் வருவது சட்டவிரோதம், போலீசுக்குப் போவேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். மறுநாள் பூட்டு மாறிவிட்டது. சட்டம் தன் பக்கம் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தார்கள். இரண்டு பேர் நினைத்ததும் தப்பு.

முதலில் அந்த 24 மணி நேரம். வாரத்துக்கு ஒருவராவது இதை என்னிடம் சொல்கிறார்கள். அந்த விதி வருவது 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர் – வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவில். ரிப்பேர் நிலைமையைப் பார்க்க வரும் வீட்டுக்காரர், 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. யாருக்கு? வாடகைதாரருக்கு. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க, அவருடைய கிச்சனையும் பாத்ரூமையும் பகிர்ந்துகொண்டு ஒரு ரூமில் தங்குபவர் பெரும்பாலும் வாடகைதாரர் இல்லை, லாட்ஜர். அவரிடம் இருப்பது தங்கிக்கொள்ள அனுமதி மட்டும். அந்த விதி அவரைத் தொடவே தொடாது.

"என் ரூமுக்குப் பூட்டு இருக்கே சார்" என்பார்கள். பூட்டு மட்டும் எதையும் தீர்மானிக்காது. "ஒப்பந்தத்தில் டெனன்சி என்று போட்டிருக்கே" என்பார்கள். அதுவும் மட்டும் போதாது. 1985-இல் ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்டு வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: தாளில் என்ன பெயர் வைத்தாலும், அந்த இடம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறதா, மற்றவரை வெளியே நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. ரூமைப் பெருக்க, படுக்கை விரிப்பு மாற்ற என்று வீட்டுக்காரர் தடையில்லாமல் வந்துபோகும் ஏற்பாடு என்றால் நீங்கள் லாட்ஜர். வாதாடி வாடகைதாரர் என்றே நிரூபித்தாலும், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறார் என்றால் மற்ற வாடகைதாரர்களுக்கு உள்ள பெரிய பாதுகாப்பு கிடைக்காது. 2025-இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டமும் லாட்ஜர்களுக்கு இல்லை. டெபாசிட் பாதுகாப்புத் திட்டமும் இல்லை; டெபாசிட் திரும்ப வராவிட்டால் கவுன்டி கோர்ட்டில் சிறு தொகை வழக்குதான் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறாரா? வேறு வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் வந்து தலைகாட்டிவிட்டு "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய முதன்மை வீடு இல்லையென்றால் கதையே மாறிவிடும். உடனே ஆலோசனை கேளுங்கள்.

இப்போது வீட்டுக்கார அண்ணன்மாரும் ஆன்ட்டிமாரும் கவனியுங்கள். உங்கள் வீடுதான், ஒத்துக்கொள்கிறேன். லாட்ஜரை அனுப்ப நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, அதுவும் உண்மை. ஆனால் நியாயமான கால அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தக் காலம். இல்லையென்றால் பொதுவாக, வார வாடகைக்கு ஒரு வாரம், மாத வாடகைக்கு ஒரு மாதம். அந்த அவகாசம் முடியும் முன் பூட்டை மாற்றுவது 1977-ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிவில் தகராறு இல்லை, குற்றம். அவகாசம் முடிந்த பிறகும், ஆள் உள்ளே இருக்கும்போது கதவை உடைத்து நுழையக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. ரூமுக்குள் போகும் உரிமை என்பது அலமாரியைத் துழாவும் உரிமையும் இல்லை. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப உள்ளே போய்த் தொல்லை கொடுத்தால் அது துன்புறுத்தல். ரூமில் ரகசியமாகக் கேமரா வைப்பவர் ஜெயிலுக்கே போகலாம்.

குடிபோகும் முன்னால் எழுதி வாங்குங்கள் பிள்ளைகளே. சட்டம் கொடுக்காததை ஒப்பந்தம் கொடுக்கும். எப்போது ரூமுக்குள் வருவார், தட்டிவிட்டு வருவாரா, நீங்கள் இல்லாதபோது வரலாமா, காலி செய்ய எத்தனை வாரம், டெபாசிட் எப்போது திரும்பும். ஒரு பக்கம் போதும். ஆன்ட்டி நம்ம ஊர்க்காரர், எழுதித் தரக் கேட்டால் தப்பாக நினைப்பார் என்று கூச்சமாக இருந்தால், பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரியா ஆன்ட்டி?" என்று கேளுங்கள். அவர் "சரிம்மா" என்று போட்டாலே அது சாட்சி. வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை எப்போதும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

ராத்திரியில் வெளியே நிறுத்திவிட்டால் கதவை உதைக்காதீர்கள், கத்தாதீர்கள். போட்டோ எடுங்கள். உள்ளூர் கவுன்சிலின் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் என்ற தொண்டு அமைப்பிலும் ஆலோசனை கேட்கலாம். போலீசில் "சிவில் விஷயம்" என்று தட்டிக்கழித்தால், 1977 சட்டத்தின் 1-ஆம் பிரிவு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்; ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு.

அன்று இரவு அந்தப் பெண் தோழி வீட்டில் தூங்கினாள். காலையில் நான் ஆன்ட்டியிடம் போனில் பேசினேன். பூட்டு மாற்றியது குற்றம் என்று கேட்டதும் நெடுநேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "ஹீட்டர் எரிஞ்சிட்டே இருந்துச்சு தம்பி, பில்லு யாரு கட்டுறது?" என்றார். மதியம் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. டெபாசிட் 400 பவுண்டு இன்னும் வரவில்லை; பணத்தைக் கேட்டு நாளை கடிதம் அனுப்புகிறோம்.