கல்லுண்ணியா, கனிமவழி உயிரியா?

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைக் கட்டாயம் எழுதிவிடுகிறார்கள். 'இவை வெப்பத்தை உண்டு வாழ்கின்றன' என்பது ஒன்று. 'இவை பாறையைத் தின்று வாழ்கின்றன' என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சற்றுப் படித்தவர் எழுதினால் 'கல்லுண்ணி' என்று கலைச்சொல்லாகவே ஆக்கிவிடுவார்.

முதல் வாக்கியத்தை விரைவில் முடித்துவிடலாம். சூட்டில் வாழும் இவற்றின் ஆங்கிலப் பெயரான 'தெர்மோஃபைல்' என்பதில் உள்ள 'ஃபைல்' நாட்டத்தைக் குறிக்கிறது. அதில் உண்ணுதல் எதுவும் இல்லை. வெப்பத்திலிருந்து வேலை வாங்க வேண்டுமானால் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும். ஓரிரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே 85 டிகிரிதான். வெப்பம் அதற்கு வாழிடம் மட்டுமே. 'வெப்பநாட்ட உயிரி' என்ற நல்ல சொல் இருக்கும்போது 'வெப்பவுண்ணி' எதற்கு?

கல்லுண்ணி அவ்வளவு எளிதில் விடாது. மூலச்சொல் கீமோலித்தோட்ரோஃப், அதாவது கனிமச் சேர்மங்களின் வேதிவினையிலிருந்து ஆற்றல் பெறும் உயிர். கிரேக்கத்தில் 'லித்தோஸ்' கல், 'ட்ரோஃபே' ஊட்டம். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் போட்டால் கல்லுண்ணிதான் வரும். லித்தோகிராஃபியைக் கல்லச்சு என்றோமே, அந்த வழிதானே என்பார்கள். கல்லச்சில் உண்மையாகவே ஒரு கல் இருந்தது, அதன் மேல்தான் மை ஏறியது. இங்கே கல் எங்கே இருக்கிறது?

1946இல் லுவோஃப், வான் நீல் முதலிய நுண்ணுயிரியலாளர்கள் நுண்ணுயிர்களின் ஊட்டமுறைகளை வகைப்படுத்தியபோது 'லித்தோ'வுக்கு ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்தார்கள்: எலக்ட்ரானை வழங்கும் பொருள் கனிமச் சேர்மம் என்று காட்டுவது. ஹைட்ரஜன் வளிமம், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கந்தகம், தயோசல்ஃபேட்டு, இரும்பு அயனி எல்லாம் இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை நீரில் கரைந்தே வருகின்றன. கந்தகத் துகளைத் தவிர கடிப்பதற்கு எதுவும் இல்லை. இந்த வாழ்முறையை முதலில் பிடித்தவர் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி. 1887இல் அவர் பார்த்த பெக்கியாடோவா என்ற பாக்டீரிய இழைகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக் கந்தக மணிகளாக உள்ளே சேர்த்தன, பிறகு அந்த மணிகளையும் சல்ஃபேட்டாக்கின. அவர் கையாண்டது கந்தக ஊற்று நீர், கல் இல்லை.

வெந்நீர் ஊற்றில் நடப்பதை அருகில் பார்த்தால் கல்லுண்ணி என்ற சொல் எவ்வளவு தவறு என்று விளங்கும். அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் ஆக்டோபஸ் ஊற்று என்று ஒன்று உண்டு. ஊற்றுக்கண்ணில் கொதிநிலையை ஒட்டி வரும் நீர் வாய்க்காலில் ஓடி 82 முதல் 88 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் இளஞ்சிவப்பு நூற்கற்றைகள் நீரோட்டத்தில் அலைந்துகொண்டிருக்கும். தெர்மோக்ரினிஸ் ரூபர் என்ற பாக்டீரியா அங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான். 73 டிகிரிக்கு மேல் ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை என்பதால் பச்சைப் படலம் இன்னும் கீழே போனபிறகுதான் தொடங்குகிறது. இந்த நூல்கள் ஒட்டியிருக்கும் தரை சிலிக்கா படிவு. அதை அவை கரைப்பதில்லை, அரிப்பதில்லை. குளிரும் நீரிலிருந்து சிலிக்கா இறங்கி நூல்களின் மேலேயே படிந்து, சில காலத்தில் நூலையே கல்லாக்கிவிடுகிறது. யார் யாரை உண்கிறார்கள்?

அவை வாங்குவது நீரில் கரைந்துள்ள ஹைட்ரஜனும் கந்தகச் சேர்மங்களும். இவற்றின் எலக்ட்ரான்கள் செல் சவ்வில் உள்ள புரதங்கள் வழியாகக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனில் சேர்கின்றன. போகும் வழியில் புரோட்டான்கள் சவ்வின் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. அவை திரும்ப உள்ளே பாயும்போது சுழலும் நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைக் கட்டுகிறது. அணைநீர் சுழலியைச் சுற்றுவது போலத்தான். ஒரு மோல் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்தால் சுமார் 237 கிலோஜூல் கிடைக்கும். அமில நீரில் ஒரு மோல் இரும்பிலிருந்து கிடைப்பது 33 கிலோஜூல் அளவே. அதனால் இரும்பை நம்பியவை கூடை கூடையாக இரும்பைக் கையாள வேண்டியிருக்கிறது. அமில ஊற்றுகளின் வாய்க்கால் செங்காவியாகப் படிவது இதன் விளைவு. இரும்பு செல்லுக்குள் போவதுகூட இல்லை. செல் எலக்ட்ரானை வெளிப்புறத்திலேயே வாங்கிக்கொண்டு துருவை அங்கேயே விட்டுவிடுகிறது. தின்றதாகச் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

ஆக்சிஜன்தான் பல இடங்களில் தட்டுப்பாடு. 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் கரையும் என்றால் 80 டிகிரியில் 3 மில்லிகிராம் அளவே கரையும். ஊற்றுக்கண்ணில் அதுவும் அரிது. நீர் மெல்லிய தகடாக ஓடிக் காற்றோடு கலக்கும் வாய்க்காலில் நூல்கள் தழைப்பது இதனால்தான்.

'உண்ணி' என்ற விகுதியிலேயே இன்னொரு கோளாறு இருக்கிறது. மாட்டின் மேல் ஒட்டும் உண்ணி நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மட்குண்ணி, ஊனுண்ணி என்பவற்றில் உண்ட பொருளே உடலும் ஆகிறது, ஆற்றலும் ஆகிறது. இந்த உயிர்களில் இரண்டும் தனித்தனிக் கணக்கு. எலக்ட்ரான் ஹைட்ரஜனிலிருந்து, உடலுக்கான கார்பன் கரியமில வாயுவிலிருந்து. 'உண்ணி' என்றதும் அந்தப் பிரிவு மறைந்துபோகிறது. அதோடு, வரையறைப்படி நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்கும் புல்லும் மரமும்கூட லித்தோட்ரோஃப்தான். புல்லைக் கல்லுண்ணி என்று எழுத யாருக்குத் துணிவு வரும்?

'கனிமவூட்டி' என்று சிலர் திருத்துகிறார்கள். திசை மாறிவிட்டது. பாலூட்டி பிறருக்குப் பால் ஊட்டுவது. அதே கணக்கில் கனிமவூட்டி பிறருக்குக் கனிமம் ஊட்ட வேண்டும். 'வேதிச்சேர்க்கை' பழுதில்லாத சொல், ஆனால் அது 1897இல் தாவரவியலாளர் ஃபெஃபர் வைத்த கீமோசிந்தசிசுக்கு உரியது. வேதியாற்றலைக் கொண்டு கார்பனைக் கட்டும் வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஆற்றல் பெறும் படிக்கும் அதையே போட்டால் இரண்டு படிகளும் ஒன்றாகிவிடும். கீமோலித்தோட்ரோஃப் என்று ஒலிபெயர்ப்பது ஆய்வகத்துக்குப் போதும், படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

வேதியியலில் இனார்கானிக் என்பதற்குக் 'கனிம' என்ற சொல் நன்றாகக் காலூன்றிவிட்டது. எனவே கீமோலித்தோட்ரோஃபி 'கனிமவழி வேதியாற்றல்', உயிரைச் சுட்ட 'கனிமவழி உயிரி'. ஒளியைக் கொண்டு இயங்குவதைப் பிரித்துக் காட்டும் இடத்தில் மட்டும் 'கனிமவழி வேதியாற்றல் உயிரி' என்று முழுதாக எழுதலாம். நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது. கார்பன் கணக்கையும் சொல்ல வேண்டுமானால் 'தற்சார்பு' என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல்லாகவே எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் தமிழிலும் ஒரு பெயரைப் பொறித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் போகவில்லை. மேலே சொன்ன அதே தெர்மோக்ரினிஸ், ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபார்மேட்டு என்ற கரிமச் சேர்மத்தைக் கொடுத்தால் அதைக் கொண்டும் வளர்கிறது. அந்த வேளையில் அது கரிமவழி. 'ஹைட்ரஜன் கிடைக்கும்போது கனிமவழி வாழ்கிறது' என்று வினையாக எழுதினால் இரண்டு நிலைக்கும் பொருந்தும். 'கல்லுண்ணி' என்று பெயர் சூட்டிவிட்டால், ஃபார்மேட்டு ஊற்றிய குடுவையைப் பார்த்து என்ன எழுதுவது?