நின்றே கெடும் சில்லு

போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டிய நீண்ட விடுமுறை வந்துவிட்டால், முதல் நாள் மாலையே எங்கள் கராஜ் வாசலில் ஜீப்புகளும் டபள் கெப்களும் வரிசை கட்டிவிடும். கூரையில் கூடாரம், முன்னால் கண்ணைப் பறிக்கும் விளக்குகள், பின்னால் டிரெய்லர். "காற்றை மட்டும் ஒருமுறை பாருங்கள் அண்ணன், இரவே கிளம்புகிறோம்" என்பார்கள். பார்த்து அனுப்புவேன். சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் டிரெய்லருக்கு எதிரி அல்ல. குடும்பத்தோடு இரண்டு இரவு ஹோட்டலில் தங்கும் காசுக்கு நான்கு பயணம் போய் வரலாம் என்பது உண்மைதான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று 2025இல் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை, பழைய ஜீப்பைப் பொன்போல் பாதுகாத்து, பழைய காரின் பின் அச்சில் தட்டு வைத்து வெல்டிங் செய்து டிரெய்லர் ஆக்கியவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே பலர். அதில் சில வேலைகள் உண்மையிலேயே நேர்த்தியானவை. ஆனால் அந்த அச்சு எப்போது கடைசியாகக் கழற்றப்பட்டது என்பது கட்டியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வெள்ளவத்தைக்காரர் ஒருவர். வங்கியில் வேலை, மச்சானோடு கூட்டாக வாங்கிய டிரெய்லர். கற்பிட்டிக்குப் போய், கடல் அலை நாக்கு நீட்டும் இடத்தில் பின்பக்கமாக இறக்கி, சில்லு பாதி நனைய நிறுத்தியிருக்கிறார்கள். படம் மிக அழகாக இருந்தது, எனக்கும் காட்டினார். திரும்பி வந்து அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் ஏழு மாதம் அது அசையவில்லை. அடுத்த பயணத்தில் சிலாபத்துக்கு அப்பால் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து கையைக் காட்டியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் இடது சில்லிலிருந்து புகை. டிரெய்லர் லொறியில் ஏறி என்னிடம் வந்தது.

சில்லின் நடுவிலுள்ள ஹப்பின் மூடியைத் தட்டித் திறந்தேன். உள்ளே கிரீஸ் பால் தேநீர் நிறத்தில், நுரைத்து, விரலில் ஒட்டாமல் வழுக்கியது. சில்லு உரசாமல் சுழல உதவும் பேரிங்கின் உருளைகள் இருந்த இடத்தில் செந்நிறத் தூள். ஒன்றிரண்டு உருளைகள் கூட்டோடு உருகி ஒட்டியிருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் சில்லு தனியாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். "கிரீஸ் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை. தவறு கிரீஸிலும் இல்லை. நடந்தது வேறு.

கொழும்பிலிருந்து புத்தளம் வரை மூன்று மணி நேரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, கொஞ்சம் சீல் என்ற ரப்பர் வளையத்தின் வழியாக வெளியே கசிந்துவிடும். அந்தச் சூட்டோடு சில்லைத் தண்ணீரில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, மிச்சக் காற்று சுருங்குகிறது. வெற்றிடத்தை நிரப்பச் சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. ஆற்றுத் தண்ணீர் என்றாலே கெடுதல். கடல்நீர் என்றால் கேட்கவே வேண்டாம். மீமுரேப் பக்கம் ஓடைகளைத் தாண்டுவோருக்கும் இதே கதைதான். ஆகவே தண்ணீரில் இறங்குமுன் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வைத்த கையை எடுக்காமல் இருக்க முடிகிறதா என்பதே அளவு. தண்ணீரில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், வீடு திரும்பிய கிழமைக்குள் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸும் புதுச் சீலும் போட்டுவிடுங்கள். நன்னீரால் கழுவுவது நல்லது. ஆனால் வேகமாகப் பீச்சும் குழாயைச் சீலை நோக்கிப் பிடிக்காதீர்கள், அதுவும் தண்ணீரை உள்ளே தள்ளும்.

அந்த டிரெய்லர் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் ஏதாவது சத்தமாவது கொடுத்திருக்கும். நின்றதால் மௌனமாக அரிபட்டது. அசையாத சில்லில் எடை ஒரே உருளைகளின் மீது இருக்கிறது, உப்பு அங்கேயே துருப்பிடித்துக் குழி செய்கிறது. வெள்ளவத்தையின் கடற்காற்றும் அதற்குத் துணை. மாதம் ஒருமுறை சில்லை ஜாக்கியில் தூக்கிச் சுற்றுங்கள், காதைக் கொடுங்கள். மணல் அரைக்கும் சத்தம் கேட்டால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியும்.

டயரும் இப்படித்தான். பள்ளம் ஆழமாக இருக்கிறது, புதிதுபோல் இருக்கிறது என்பார்கள். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னே கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2216 என்றால் 2016ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் பிறந்தது. ரப்பர் ஓடாமலே முதுமையடைகிறது. மேலதிக டயரின் வயதைக் கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

எடை பற்றி ஒரு வார்த்தை. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இழுக்கும் வாகனத்தின் இணைப்புக் குண்டின் மேல் இறங்கவேண்டும். வீட்டுக் குளியலறைத் தராசைப் பலகையின் மேல் வைத்து, இணைப்பு முனையை அதில் நிறுத்தினாலே தெரிந்துவிடும். பின்பக்கம் பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்டும். தண்ணீர்க் கான்களே அறுபது லீட்டர் என்றால் அறுபது கிலோ. அவற்றை அச்சுக்கு மேலேயே வையுங்கள். வாலாட்டத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி அக்சலரேட்டரை மட்டும் விடுங்கள். மஹியங்கனை இறக்கத்தில், ஏறிய அதே கியரில் அல்லது அதற்கும் குறைந்த கியரில் இறங்குங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும்.

மணலுக்குக் காற்றைக் குறைக்கத் தெரிந்தவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். 18 பவுண்டு காற்றில் மணலில் மெதுவாக ஊர்வது வேறு, அதே காற்றோடு பாலாவி வழியாக அறுபதில் விரைவது வேறு. பக்கச் சுவர் மடிந்து மடிந்து உள்ளேயே வெந்துபோகும். கையடக்கக் காற்றுப் பம்ப் இல்லாமல் மணலில் இறங்கவே வேண்டாம்.

2022 எரிபொருள் வரிசைகளில் பழகிய கை இன்னும் பெற்றோலைக் கானில் நிரப்பி டிரெய்லருக்குள் வைக்கிறது, பக்கத்திலேயே எரிவாயு அடுப்பு. அந்தக் கானை வெளியே எடுக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பேரிங் வாங்க, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வளையத்தின் விளிம்பில் எண் பொறித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். பெட்டி மட்டும் பளபளப்பாக இருக்கும் மலிவான பொருளும் அங்கே உண்டு.

போயாவுக்கு முதல் நாள் மாலை வராதீர்கள். ஹப்பைக் கழற்றிக் கழுவி உலர்த்தி மாட்டுவதற்கு அரை நாள் வேண்டும். அவசரத்தில் என் பையன் கட்டிக்கொடுப்பதை நானே நம்பமாட்டேன்.