சூறாவளியில் சேதமடைந்த படகு: அமெரிக்காவில் உரிமையாளருக்குக் கிடைக்கும் உதவியும் அவருக்குள்ள கடமையும்

அமெரிக்காவில் சூறாவளிக்குப் படகைப் பறிகொடுத்தவருக்கு அரசு என்ன தரும் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. அந்தப் படகு அவருக்குக் குடியிருக்கும் வீடா, பிழைப்புக்கான கருவியா, ஓய்வுநேரப் பொழுதுபோக்கா என்பதைப் பொறுத்து விடை மாறும். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி தென்மேற்கு ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தபோது, ஃபோர்ட் மையர்ஸ் பீச் பகுதியில் கடல்நீர் தரைமட்டத்துக்கு மேல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. அருகிலுள்ள சான் கார்லோஸ் தீவில் நின்ற இறால் படகுகள் கரையில் தூக்கி வீசப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே அலை புரட்டிப்போட்ட படகுகளானாலும், அவற்றின் உரிமையாளர்கள் வெவ்வேறு அலுவலகங்களை நாட வேண்டியிருக்கும். தமக்குரிய அலுவலகம் எது என்று தெரியாமலேயே காலக்கெடுவைத் தவறவிடுவோர் உண்டு என்பதால், இந்தப் பிரிவினையைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

மத்திய அரசின் நேரடி உதவி எதுவும் தானாக வராது. 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்ட் சட்டத்தின்படி அதிபர் அந்தச் சூறாவளியைப் பெரும் பேரிடராக அறிவிக்க வேண்டும். தனிநபர் உதவிக்கு உரிய கவுன்ட்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) பட்டியலில் உங்கள் கவுன்ட்டியும் இடம்பெற்றிருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து பொதுவாக 60 நாள்களுக்குள் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமையான ஃபீமாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு சூறாவளிகள் தாக்கினால் இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் தேவை. 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீனும், அக்டோபர் 9 அன்று மில்டனும் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, முதல் விண்ணப்பமே போதும் என்று இருந்துவிடக் கூடாது என ஃபீமா மக்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. எந்தப் புயலில் எந்தச் சேதம் என்று தேதியிட்ட புகைப்படங்களால் பிரித்துக் காட்ட முடிந்தால், இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

படகிலேயே குடியிருப்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமக்கு உரிமையே இல்லை என்று தவறாக நினைத்து ஒதுங்கிவிடும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். ஆண்டின் பெரும்பகுதியை நீங்கள் வாழும் முதன்மைக் குடியிருப்பு அந்தப் படகுதான் என்றால், ஃபீமா அதை வீடாகவே கருதுகிறது. பழுதுபார்ப்பதற்கும், தற்காலிகமாக வேறிடத்தில் தங்குவதற்கும், வாடகைக்கும், அழிந்த உடைமைகளுக்கும் நீங்கள் உதவி கேட்கலாம். உணவு, குடிநீர், மருந்து போன்ற உடனடித் தேவைகளுக்கென்று ஒரு முறை வழங்கப்படும் தொகை ஹெலீனுக்கு 750 டாலராகவும், புதிய நிதியாண்டில் வந்த மில்டனுக்கு 770 டாலராகவும் இருந்தது. அந்த நிதியாண்டில் வீட்டு உதவிக்கான உச்சவரம்பு 43,600 டாலர். பிற தேவைகளுக்கான உச்சவரம்பும் அதே அளவுதான். இவை உச்சவரம்புகள் மட்டுமே; எல்லோருக்கும் அந்தத் தொகை முழுவதும் கிடைப்பதில்லை.

நிலத்தில் வீடு உள்ளவருக்கு முகவரி இருக்கிறது, மின்கட்டண ரசீது இருக்கிறது. படகில் வாழ்பவர் அவற்றுக்கு ஈடான சான்றுகளைத் தேடித் திரட்ட வேண்டும். படகின் உரிமைப்பத்திரம், மாநிலப் பதிவுச் சான்று அல்லது கடலோரக் காவல் படையின் ஆவணப் பதிவு ஆகியவை உரிமையைக் காட்டும். மரீனா எனப்படும் படகுத்துறையில் படகு நிறுத்தும் இடத்துக்கான வாடகை ஒப்பந்தம், மாதக் கட்டண ரசீதுகள், அந்த முகவரிக்கு வந்த அஞ்சல், ஓட்டுநர் உரிமத்திலுள்ள முகவரி ஆகியவை குடியிருப்பைக் காட்ட உதவும். இந்தக் காகிதங்கள் எல்லாம் படகின் அறைக்குள்ளேயே இருந்து படகோடு மூழ்கிவிடுவதுதான் வேதனையானது. ஆகவே புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்பே அவற்றைப் படமெடுத்துக் கரையிலுள்ள ஒருவருக்கு அனுப்பி வைப்பது பேருதவியாக இருக்கும்.

ஃபீமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், பச்சை அட்டை பெற்றவர்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றோர் போன்ற தகுதியுள்ள குடியேறிகளுக்கும் உரியது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் தம் பெயரில் இதைப் பெற முடியாது. ஆனால் அதே குடும்பத்தில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அக்குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடிய விதி இது என்பதால் இதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

படகு பிழைப்புக்கானது என்றால் ஃபீமாவின் வீட்டு உதவி பொருந்தாது. சிறுதொழில் நிர்வாகமான எஸ்.பி.ஏ. தரும் பேரிடர்க் கடனே முதன்மை வழி. பெயரில் சிறுதொழில் இருந்தாலும், சேதத்தைச் சரிசெய்வதற்கான இந்தக் கடன் எல்லா அளவிலான தொழில்களுக்கும் உண்டு. உச்சவரம்பு 20 லட்சம் டாலர். மீன்பிடிப் படகு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகைப் படகு, மரீனாவின் துறைமேடை ஆகியவை தொழிற்சொத்துகளாக இதில் அடங்கும். பொருள்சேதத்துக்கு அறிவிப்பிலிருந்து வழக்கமாக 60 நாள்கள் அவகாசம் உண்டு. படகு தப்பித்தும் தொழில் முடங்கியவர்களுக்கான நடைமுறை மூலதனக் கடனுக்கு 9 மாதங்கள் வரை உண்டு. இது மானியமல்ல, திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதை மறக்கலாகாது. சொந்தமாகத் தொழில் செய்யும் மீனவருக்கும், படகில் கூலிக்குச் செல்பவருக்கும் பேரிடர்க்கால வேலையிழப்பு உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான வேலையிழப்புக் காப்பீட்டுக்குத் தகுதி பெறாதவர்களுக்கென்றே வகுக்கப்பட்ட இதை, மாநிலத் தொழிலாளர் துறையிடம் கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் மட்டுமே கிடைக்கும் உதவி என்பதால், கூலிக்காரர்கள் காதுக்கு இந்தச் செய்தி எட்டச் செய்வது படகு முதலாளிகளின் பொறுப்பும்கூட.

பொழுதுபோக்குப் படகுக்கு ஃபீமாவும் தராது, எஸ்.பி.ஏ.யும் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டமும் படகுகளையும் அவற்றின் உபகரணங்களையும் துறைமேடைகளையும் விலக்கி வைத்திருக்கிறது. தனிப் படகுக் காப்பீடு இல்லாதவருக்கு எஞ்சுவது வருமான வரிச் சலுகை ஒன்றே. மத்திய அரசு அறிவித்த பேரிடரால் ஏற்பட்ட இழப்பை 4684 எண் படிவத்தில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். பொது விதிப்படி, காப்பீட்டில் கிடைத்ததைக் கழித்த பின் எஞ்சும் இழப்பில் 100 டாலரும், சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் 10 விழுக்காடும் நீங்கலாக உள்ளதுதான் கணக்கில் வரும். சில பேரிடர்களுக்கு நாடாளுமன்றம் இதைத் தளர்த்தியதும் உண்டு. விரும்பினால் இந்த இழப்பை முந்தைய ஆண்டின் கணக்கிலேயே காட்டி, பணத்தை விரைவில் திரும்பப் பெறலாம். காப்பீடு இருந்தும் உரிய நேரத்தில் கோராமல் விட்டுவிட்டால், காப்பீடு ஈடுசெய்திருக்கக்கூடிய பகுதிக்கு இந்தச் சலுகை கிடையாது.

உதவியைப் பற்றிப் பேசும்போது பலரும் மறந்துபோவது, மூழ்கிய படகும் உரிமையாளரின் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதை. கப்பல்கள் செல்லும் நீர்வழியில் படகு மூழ்கினால், பகலில் மிதவையாலும் இரவில் விளக்காலும் அந்த இடத்தை உடனே அடையாளப்படுத்த வேண்டும் என்றும், தாமதமின்றி அகற்றத் தொடங்க வேண்டும் என்றும் 1899ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டம் விதிக்கிறது. டீசல் கசிந்தால் தேசிய எதிர்வினை மையத்துக்கு (National Response Center) தெரிவிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் சிதைந்த படகை நீரில் விட்டு வைப்பது குற்றம். ஆனால் சூறாவளியே காரணம் என்று சான்று காட்டி, சூறாவளி மாநிலத்தைக் கடந்த 45 நாள்களுக்குள் அகற்றியோ பழுது நீக்கியோ விட்டால், சட்டம் உரிமையாளரைக் காக்கிறது. பெரும் சூறாவளிகளுக்குப் பின் கடலோரக் காவல் படையும் மாநில மீன், வனவிலங்கு ஆணையமும் கூட்டுப் பணியில் இறங்குவதுண்டு. 2017இல் இர்மாவுக்குப் பின் இவ்வாறு படகுகளை அகற்றியபோது உரிமையாளர்களிடம் கட்டணமோ அபராதமோ வாங்கவில்லை. படகில் அதிகாரிகள் ஒட்டிய அறிவிப்பைக் கண்டால், உடனே அதிலுள்ள எண்ணில் பேசுவதே சரி. பதில் சொல்லாத உரிமையாளர், படகு மீட்கத் தக்கதா இல்லையா என்பதில் தம் கருத்தைச் சொல்லும் வாய்ப்பை இழக்கக்கூடும்.

மரீனாவோடு வரும் தகராறுக்கும் ஃபுளோரிடா சட்டத்தில் இடமிருக்கிறது. சூறாவளிக் கண்காணிப்போ எச்சரிக்கையோ வெளியான பிறகு, படகை எடுத்துக்கொண்டு வெளியேறு என்று படகின் உரிமையாளரை மரீனா நிர்வாகம் கட்டாயப்படுத்த முடியாது. புயலுக்கு நடுவே உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் உரிமையாளர் தாமாக எடுக்காதபோது, மரீனாவே படகைக் கட்டிப் பத்திரப்படுத்தி அதற்கு நியாயமான கட்டணம் வாங்க ஒப்பந்தத்தில் வழிவகுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது நேரும் சேதத்துக்கு, அலட்சியமோ வேண்டுமென்றே செய்த செயலோ காரணமாக இருந்தாலன்றி, மரீனா பொறுப்பாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதில் இது பற்றிய பத்தியை அவசியம் படிக்க வேண்டும்.

புயலுக்கு மறுநாள் கிரேனும் இழுவைப் படகுமாக வரும் மீட்பு நிறுவனங்களின் காகிதத்தில், காப்பீட்டு நிறுவனத்திடம் பேசாமல் கையெழுத்திட வேண்டாம். மீட்கப்பட்ட படகின் மதிப்பில் ஒரு பங்கையே கூலியாகக் கோரும் ஒப்பந்தங்கள் கடல்சட்டத்தில் செல்லுபடியாகும். நிலையான தொகையையோ மணிக்கணக்குக் கூலியையோ எழுத்தில் கேட்டு வாங்குவது உரிமையாளரின் உரிமை. படகை நகர்த்துமுன், கிடந்த நிலையிலேயே நாற்புறமும் படமெடுத்து, பதிவெண் தெரியும்படியும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீடு ஈடுசெய்த அதே இழப்புக்கு ஃபீமா மறுபடியும் பணம் தராது. ஆகவே காப்பீடு உள்ளவருக்கு வரும் முதல் கடிதம் பெரும்பாலும் மறுப்பாகத் தோன்றும். உண்மையில் அது காப்பீட்டு நிறுவனத்தின் முடிவுக் கடிதத்தை அனுப்பச் சொல்லும் கோரிக்கையாக இருக்கலாம். முதன்மைக் குடியிருப்புக்குச் சான்று போதவில்லை என்று படகில் வாழ்பவருக்கு வரும் கடிதமும் இத்தகையதே. கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் பேரிடர் எண்ணையும் விண்ணப்ப எண்ணையும் எழுதி, மரீனா மேலாளரின் கடிதத்தையும் வாடகை ரசீதுகளையும் இணைத்து அனுப்ப வேண்டும்.