நிலாவாரைக்கு மழை ஆகாது

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மஞ்சள் பூவோடு நிற்கும் நிலாவாரையை உலக மருந்துச் சந்தை ‘டின்னவெல்லி சென்னா’ என்றே அழைக்கிறது. பூர்வீகம் அரேபியா, சோமாலியா பக்கம். வறண்ட மண்ணின் செடி இங்கே நிலைத்ததில் ஆச்சரியமில்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் பெய்வதுதான் பெரும்பங்கு. மீதி மாதமெல்லாம் வெயில்.

மலச்சிக்கலைத் தீர்ப்பது இதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு. இதுபோன்ற சத்துகள் காய்ந்த மண்ணில் ஏன் செறிவாகின்றன? ஈரம் குறையும்போது செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வருவதில்லை. வெயிலோ விடாமல் அடிக்கிறது. சர்க்கரையாக மாற்ற முடியாத அந்த ஆற்றலில் ஒரு பகுதியைச் செடி வேறு வேதிப்பொருள்கள் செய்யச் செலவிடுகிறது. பூச்சியும் ஆடும் கடிக்காமல் காக்கும் கசப்பும் நஞ்சும் அவற்றில் அடக்கம். நாம் மருந்து என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆனால் வாட்டம் மிஞ்சினால் இலை சிறுத்துப்போகும். சதவீதம் ஏறினாலும் ஏக்கருக்குக் கிடைக்கும் மொத்தச் சத்து இறங்கிவிடலாம்.

பறித்த பிறகும் வானிலை விடுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பச்சை இலையில் இருப்பது பெரும்பாலும் சென்னோசைடின் முன்னோடிப் பொருள்கள். சுமார் 20 முதல் 50 டிகிரி வெப்பத்தில் இலை மெல்ல உலரும்போதுதான் அதன் நொதிகள் அவற்றை இரண்டிரண்டாக இணைக்கின்றன. மருந்தின் கடைசிக் கட்டம் களத்தில் நடக்கிறது! அதனால்தான் இலையை நிழலில், காற்றோட்டமாக, மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிடுகிறார்கள். சரியாக உலர்ந்தால் மஞ்சள் கலந்த பச்சை நிறம் வரும். சாரல் பட்டால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், விலையும் போய்விடும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகும் செடி, அப்படியொரு மழையை எப்படித் தாங்கும்?

சரி, நிலாவாரையை வேறு வறண்ட ஊரில் விதைக்கலாம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏற்கெனவே பயிராகிறது. இமயத்தில் சுமார் 3,000 மீட்டருக்கு மேலே வளரும் கடுகுரோகிணி என்ற மூலிகைக்கு அந்த வழியும் இல்லை. பூமி சூடாகச் சூடாக, குளிரைத் தேடி அது இன்னும் மேலே ஏற ஏற, அதற்கு மிஞ்சும் நிலம் சுருங்கிக்கொண்டே போகும்.

நம் தென்மாவட்டங்களுக்கு வருவோம். மழையை நிறுத்த முடியாது, ஆனால் பறித்த இலையைக் காப்பாற்ற முடியும். ஊருக்கு ஊர் கூரை போட்ட, காற்றோட்டமான பொது உலர்களம் இருந்தால், அறுவடை நேரத்தில் வானம் மூடினாலும் சிறு விவசாயியின் இலை கறுக்காது. நெல்லுக்குக் களம் கட்டிக்கொடுக்கிற அரசு இதையும் செய்யலாம்.