சுற்றளவும் பரப்பளவும்

நீளம் 8, அகலம் 5 என்று ஒரு செவ்வகத்தைக் கொடுத்துச் சுற்றளவு கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் தயங்காமல் 40 என்று எழுதுவார்கள். அது பரப்பளவு; சுற்றளவு 26. கூட்டி இரண்டால் பெருக்குவது, பெருக்கிவிடுவது என்று சூத்திரம் இரண்டும் மனப்பாடம்தான். எது எதற்கு என்பதில்தான் தடுமாற்றம். இரண்டு சொல்லும் ‘அளவு’ என்று முடிவதால் பின்பாதி மட்டும் காதில் நிற்கிறது. விஷயமோ முன்பாதியில் இருக்கிறது.

சுற்று என்றால் சுற்றி வருவது. கோயில் பிரகாரத்துக்கே திருச்சுற்று என்றுதான் பெயர். ஒரு மூலையில் புறப்பட்டு, ஓரமாகவே நடந்து, புறப்பட்ட மூலைக்கே வந்து சேர்ந்தால் எவ்வளவு தூரம் நடந்திருப்போமோ அதுதான் சுற்றளவு. தூரம் என்பதால் அடியிலோ மீட்டரிலோ சொல்கிறோம். பெரிமீட்டர் என்ற சொல்லும் கிரேக்கத்தில் ‘சுற்றிலும்’, ‘அளவு’ என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்ததே. வட்டத்தின் சுற்றளவுக்குப் பரிதி என்று தனிச்சொல்லும் உண்டு. செவ்வகத்துக்கு அது வேண்டாம்.

பரப்பளவில் இருப்பது ‘பர’ என்ற வேர். பரவு, பரப்பு, பரந்த எல்லாம் அதிலிருந்து வந்தவை. விரிந்து கிடப்பதால் கடலுக்குப் பரவை என்று ஒரு பெயர். நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறோமே, அந்தப் பரப்புதான் இது. ஏரியா என்ற லத்தீன் சொல்லுக்கும் திறந்த சமதரை, போரடிக்கும் களம் என்ற பொருள்கள் இருந்தன. ஆனால் நம்மூர்ப் பேச்சில் ஏரியா என்றால் பேட்டை. “உங்க ஏரியா எது?” என்று கேட்டுப் பழகிய பிள்ளையிடம் செவ்வகத்தின் ஏரியா என்ன என்று கேட்டால் அதற்கு எந்தப் பிடியும் கிடைக்காது. பத்திரங்களில் வரும் விஸ்தீரணம் இன்னும் தூரம். பரப்பளவே போதும். பரப்பு வேறு, பரப்பளவு வேறு என்பதையும் சொல்லிவிடலாம்: மேசையின் மேற்புறம் பரப்பு, அது எத்தனை கட்டம் கொள்ளும் என்ற எண் பரப்பளவு. யாழ்ப்பாணத்தில் பரப்பு என்பதே காணி அளவு. அங்கே 16 பரப்பு ஒரு ஏக்கர்.

தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தைக் குழி, மா, வேலி என்று சொல்வார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கிட்டத்தட்ட 6.6 ஏக்கர். வேடிக்கை என்னவென்றால், வேலி என்பது சுற்றி அடைப்பதன் பெயர்; இங்கே அது உள்ளே கிடக்கும் பரப்பைச் சொல்கிறது. பொருநராற்றுப்படையிலேயே ‘வேலி ஆயிரம்’ என்று விளைச்சல் கணக்கு வருகிறது. சரி, ஒரு வேலி நிலத்துக்கு எவ்வளவு நீள வேலி கட்டவேண்டும்? சொல்லவே முடியாது. நிலம் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்று தெரிந்தால்தான் உண்டு.

சென்னை மனைக் கணக்கில் இதைக் காட்டுவது சுலபம். பத்திரத்தில் ‘கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60, ஆக 2400 சதுர அடி’ என்று எழுதியிருக்கும் (ஜாதியடி என்பது பத்திர வழக்கில் அடிதான்). அதாவது ஒரு கிரவுண்டு. காம்பவுண்டு சுவர் எழுப்ப 200 அடி. அதே கிரவுண்டு 20க்கு 120 என்று ரயில்பெட்டி மாதிரி நீண்டிருந்தால் சுவர் 280 அடி. இடம் ஒரு அடிகூடக் கூடவில்லை, செங்கல் செலவு மட்டும் கூடிவிட்டது. திருப்பியும் பார்க்கலாம்: அதே 200 அடிச் சுவரை 50க்கு 50 என்று கட்டினால் 2500 சதுர அடி, 90க்கு 10 என்று கட்டினால் வெறும் 900.

பெரியவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார். மெகலோபொலிஸ் நகரின் சுற்று 50 ஸ்டேடியம் (அந்தக் காலக் கிரேக்க நீள அளவு), ஸ்பார்ட்டாவின் சுற்று 48. ஆனாலும் ஸ்பார்ட்டாதான் இரு மடங்கு பெரியது என்றால் யாரும் நம்புவதில்லையாம். சின்ன வயதில் படித்த வடிவியலை மறந்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை.

வகுப்பில் 12 தீக்குச்சியைக் கொடுத்து வெவ்வேறு செவ்வகம் அமைக்கச் சொல்லலாம். 5க்கு 1 வைத்தால் உள்ளே 5 கட்டம், 4க்கு 2 என்றால் 8, 3க்கு 3 என்றால் 9. (சதுரமும் செவ்வகமா என்று ஒரு குரல் வரும். ஆமாம்.) ஆனால் எனக்குப் பிடித்தது கத்தரிக்கோல் வேலை. கட்டம் போட்ட தாளில் 6க்கு 4 செவ்வகம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பரப்பளவு 24, சுற்றளவு 20. இப்போது ஒரு மூலைக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுங்கள். பரப்பளவு 23. சுற்றளவு? குறைந்திருக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். விரலை ஓரமாக ஓட்டி எண்ணச் சொன்னால் அதே 20 வரும். போன இரண்டு ஓரத்துக்குப் பதில் புதிதாக இரண்டு ஓரம் முளைத்திருக்கிறது. அப்புறம் இன்னொரு தாளில் மூலையை விட்டுவிட்டு, பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு கட்டத்தை எடுங்கள். ஒரு ஓரம் போய் மூன்று வந்துவிடும். பரப்பளவு குறைந்து 23, சுற்றளவு ஏறி 22. ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் உடைந்துவிடும்.

4க்கு 4 சதுரம் வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சுற்றளவு 16, பரப்பளவும் 16. அப்போ இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஒன்று 16 அடி, மற்றது 16 சதுர அடி. நூலையும் துணியையும் ஒப்பிட முடியாது. இப்படி எண் ஒத்துப்போகும் இன்னொரு செவ்வகமும் உண்டு: 6க்கு 3, இரண்டும் 18. பக்கங்கள் முழு எண்ணாக இருக்கவேண்டும் என்று சொல்லி மூன்றாவது ஒன்றைத் தேடவிட்டால் ஒரு பீரியட் ஓடிவிடும். கிடைக்காது.