எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கிட்டா கல்யாணம் நல்லா இருக்குமா?

"ரொம்ப எதிர்பார்க்காத, அப்பதான் ஏமாற மாட்ட"ன்னு நிச்சயமானதுல இருந்து வீட்ல எல்லாரும் சொல்றாங்க, இதுக்கு அறிவியல்ல ஏதாவது இருக்கான்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க. பாதி இருக்கு.

மூளை செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கிற ரசாயனங்கள்ல ஒண்ணு டோபமைன். அதை வெச்சு மூளை எதிர்பார்ப்பை எப்படி கணக்கு போடுதுன்னு பார்க்க, நேரா மூளை ஆராய்ச்சியாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸோட குரங்குகளுக்குப் போயிடலாம். திடீர்னு ஒரு சொட்டு ஜூஸ் குடுத்தா குரங்கு மூளைல டோபமைன் நியூரான்கள், அதாவது டோபமைனை வெளியிடுற நரம்பு செல்கள், படபடன்னு துடிக்கும். லைட் எரிஞ்சா ஜூஸ் வரும்னு பழக்கிட்டா லைட்டுக்கே துடிச்சிடும், ஜூஸ் வர்றப்ப கம்முனு இருக்கும். இப்ப லைட்டைப் போட்டுட்டு ஜூஸைக் குடுக்காம விட்டா? ஜூஸ் வந்திருக்க வேண்டிய அதே நேரத்துக்கு துடிப்பு வழக்கத்தை விடக் கீழ இறங்குது. வெளிய ஒண்ணுமே நடக்கல பாருங்க, வராத ஜூஸுக்கு மூளை டைம் பார்த்து கணக்கு வெச்சிருக்கு! எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இது அலுக்கல.

இதுல இருந்து தாம்பத்தியத்துக்குத் தாவுறது பெரிய தாவல்தான், ஆனாலும் தினம் காலைல அவர் காபி போட்டுத் தருவார்னு நினைச்சு வந்தவங்களுக்கு காபி வராத காலை நஷ்டக் கணக்கு, நினைக்காதவங்களுக்கு அது வெறும் காலை.

அப்போ வீட்ல சொல்றது சரிதானேன்னா, அங்கதான் இடிக்குது. 2004-ல மெக்நல்டி, கார்னின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அமெரிக்கால 82 புதுஜோடிகளை நாலு வருஷம் விடாம கவனிச்சது. ஜோடிகளை அவங்க பிரச்சனையைப் பேச விட்டு அதையும் பதிவு பண்ணாங்க. எதிர்பார்ப்பை மட்டும் தனியா பார்த்தா திருப்தி ஏறுமா இறங்குமான்னு ஒண்ணும் சொல்ல முடியல. பக்குவமா பேசத் தெரிஞ்சவங்களுக்கு பெரிய எதிர்பார்ப்பு இருந்தும் திருப்தி அவ்வளவா குறையல, பேச்செடுத்தாலே குத்திக்கிறவங்களுக்கு அதே எதிர்பார்ப்பு சரிவை வேகமாக்குச்சு. காபி வேணும்னு சண்டை இல்லாம கேட்டு வாங்கத் தெரிஞ்சா கணக்கு நேராயிடுது, அவ்வளவுதான். லேட்டா வந்தவரைப் பார்த்து "டிராஃபிக்கா?"ன்னு தோணுதா, "என்னை மதிக்கல"ன்னு தோணுதாங்கறதும் இந்தப் பக்குவத்துல சேர்த்தி.

நாம என்னடான்னா பத்துப் பொருத்தம் பார்க்குறோம், ரஜ்ஜு தட்டுதுன்னா அடுத்த ஜோசியர்கிட்ட ஓடுறோம், சண்டைல பையன் எப்படி பேசுவான்னு சொல்ல ஜாதகத்துல ஒரு கட்டமும் கிடையாது. நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல மண்டபச் செலவு யாரோடதுன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா அதை விட நிறைய தெரியும்ங்கறது என் கருத்து.

ஒண்ணு, அமெரிக்க ஜோடிங்க கணக்கு பொண்ணு பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜியோட முடிவாகுற கல்யாணத்துக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லிட முடியாது. அதுக்கு மதுரைலயும் சேலத்துலயும் புதுஜோடிகளை வருஷக்கணக்கா பின்தொடரணும், ரெண்டு வருஷத்துல ரிசல்ட் காட்டுன்னு ஆராய்ச்சிக்குக் குடுக்குற பணத்துல அது நடக்காது.